வீடு பூரா வண்டு, ப்ளூமிங்டன் பக்கம் இருக்கவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்

எல்லாருக்கும் வணக்கம். இல்லினாய் ப்ளூமிங்டன்ல போன வருஷக் கடைசில தான் வீடு வாங்கினோம், பின்வேலிக்கு அந்தப்பக்கம் முழுக்க சோயா வயல். போன வாரம் அறுத்தாங்க, ரெண்டு நாள் குளிரு, அப்புறம் நல்ல வெயில் அடிச்சுது பாருங்க, தெக்கு சுவர் பூரா ஆரஞ்சு வண்டு! பொண்ணு லேடிபக்னு ஆசையா கையில எடுத்தா, நறுக்குனு கடிச்சிருச்சு.

பக்கத்து வீட்டுப் பெரியவர் தான் சொன்னாரு, இது ஏசியன் லேடி பீட்டிலாம், தலைக்குப் பின்னாடி கறுப்பா இங்கிலீஷ் எம் எழுத்து மாதிரி இருக்கும், சோயாவுல அசுவினிங்கற செடிப்பேன தின்னுட்டு இருந்தது வயல் காலியானதும் குளிருக்கு ஒதுங்க வீட்டுக்குள்ள வருதுன்னு. நசுக்கக் கூடாதாம், மஞ்சளா ஒரு தண்ணி விடும். அதுக்குள்ள ஊர்ல இருந்து வந்திருக்க எங்கம்மா வெளக்கமாத்த எடுத்து வெள்ளை கர்ட்டன்லயே நாலு சாத்து சாத்திட்டாங்க, நாத்தம் தாங்கல.

இப்ப தினமும் வேக்யூம் தான். உள்ள வந்தப்புறம் வெளிச்சுவருக்கு ஸ்ப்ரே அடிச்சு பிரயோஜனம் உண்டா, இல்ல ஜன்னல் இடுக்குக்கு கால்க் (சந்து அடைக்கிற பசை) அடிச்சு, கூரைக்கடியில அட்டிக்ல இருக்க காத்து வழிக்கு வலை போட்டா போதுமா? தவழுற குழந்தை இருக்கு, அதான் மருந்துனா பயம். போன குளிருக்கு கராஜ்ல சுண்டெலி வேற, கால் இன்ச் சந்து போதுமாம் அதுக்கு, ஸ்டீல் வுல் (இரும்பு நார்) வச்சு அடைச்சிருக்கேன், தாங்குமா? கர்ட்டன் கறைக்கும் ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க, அம்மா ரொம்ப ஃபீல் பண்றாங்க.