ஈட்டி எறிதல்: பார்த்ததும் எறிந்ததும்

கோட்டையூரிலிருந்து:

2023 ஆகஸ்ட் 27. புடாபெஸ்ட் உலகத் தடகளப் போட்டியில் ஈட்டி எறிதல் இறுதிச்சுற்று நம் நேரப்படி நள்ளிரவை ஒட்டித்தான் தொடங்கியது. மறுநாள் திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் உண்டு. இருந்தாலும் தம்பி மகனும் நானும் தூங்கவில்லை. நீரஜ் சோப்ராவின் முதல் எறி ஃபவுல். இரண்டாவதில் 88.17 மீட்டர். அடுத்த சுற்றில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 87.82 எறிந்ததும் பையன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வித்தியாசம் 35 சென்டிமீட்டர், ஒன்றரைச் சாண்தான். இன்னும் மூன்று சுற்று மீதி. "அத்தை, தாண்டிருவாரா?" என்று நதீம் ஓடிவரும்போதெல்லாம் கேட்டான். தாண்டவில்லை. உலகப் போட்டியில் இந்தியத் தடகளத்துக்கு அதுதான் முதல் தங்கம்.

அவன் ஈட்டியையே பார்த்தான். நான் இடது காலைப் பார்த்தேன். காரைக்குடியில் கல்லூரிக் காலத்தில் ஈட்டி எறிந்தவள் நான், பெண்களுக்கான 600 கிராம் ஈட்டி. கையில் பலம் இருந்தால் போதும் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். வலது கைக்காரருக்கு வேலையே இடது காலில்தான். ஓடிவந்த வேகத்தை எல்லாம் அந்த ஒரு கால் ஊன்றி நிறுத்த வேண்டும். அங்கே நின்ற வேகம் இடுப்பு, தோள், முழங்கை என்று ஏறி, கடைசியில்தான் விரலுக்கு வருகிறது. முழங்கால் மடங்கினால் தூரம் போச்சு. முழங்கை தோளுக்குக் கீழே இறங்கினால் மூட்டு போச்சு. நீரஜுக்கே 2019-இல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை நடந்தது.

நம் செம்மண் தரையில் இந்த ஊன்றுதல் பெரிய பாடு. கோடையில் மேலே சரளை உருளும், கால் வழுக்கும். ஈட்டியும் குத்தி நிற்காமல் சறுக்கிக்கொண்டு போகும். ஒரு மழை பெய்த பிறகு எறிந்து பாருங்கள், அந்தச் சுகமே தனி.

அன்றைக்குத் தங்கத்தைவிட எனக்கு நிறைவாக இருந்தது வேறு. கிஷோர் ஜெனா 84.77 எறிந்து ஐந்தாவது, டி.பி. மனு 84.14 எறிந்து ஆறாவது. கடைசி எட்டுப் பேரில் மூவர் நம்மவர்கள். ஜெனா முதலில் வாலிபால் ஆடியவர்.

சிறுவயல் பக்கமிருந்து:

அக்கா சொன்ன மாதிரி, பதக்கம் வாங்காதவர்களையும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பரில் டோக்கியோ உலகப் போட்டியைக் காரைக்குடியில் ஒரு டீக்கடையில் நின்று பார்த்தேன். அன்று நீரஜுக்கு எதுவும் சரியாக வரவில்லை, 84.03 மீட்டரோடு எட்டாவது இடம். கூட்டம் கலைந்துவிட்டது. ஆனால் நம் சச்சின் யாதவ் 86.27 எறிந்து நான்காவது வந்தார்! வெண்கலம் வாங்கிய அமெரிக்கர் கர்ட்டிஸ் தாம்சன் எறிந்தது 86.67. நாற்பது சென்டிமீட்டரில் பதக்கம் போயிற்று. தங்கம் டிரினிடாட்டின் கெஷோர்ன் வால்காட்டுக்கு, 88.16. அவர் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பத்தொன்பது வயதிலேயே தங்கம் வாங்கியவர். பதின்மூன்று வருஷம் கழித்து மறுபடியும் உச்சியில். இதைப் பார்க்காமல் போனவர்களுக்காக வருத்தப்பட்டேன்.

அப்புறம் ஒன்று. சின்ன மருது இருந்த ஊர் எங்கள் சிறுவயல். கிழக்கிந்தியக் கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தனக்கு ஈட்டி எறியவும் வளரி என்ற வளைந்த எறிகருவியை வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று எழுதிவைத்திருக்கிறார். 1801-இல் அதே வெல்ஷ் எதிர்ப்படையில் நின்றார். அந்த வருஷம் அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். இந்த மண்ணில் ஈட்டி எறியக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்:

பழைய ஈட்டிகளின் காலத்தில் நடுவராக நின்றவன் நான். முனை முதலில் தரையில் பட்டால்தான் எறி கணக்கில் வரும்; முனை முதலில் பட்டதா, வயிறு முதலில் பட்டதா என்று போட்டிக்குப் போட்டி சண்டை வரும். அந்த ஈட்டி காற்றில் மிதந்து, படுத்த வாக்கில் இறங்கும். 1984-இல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார், மைதானமே போதாது என்ற நிலை வந்தது. 1986-இல் ஆண்கள் ஈட்டியின் எடை மையத்தை முன்பக்கம் தள்ளினார்கள். இப்போது மூக்கு சீக்கிரம் கவிழ்ந்து குத்துகிறது, பாதிச் சண்டை ஒழிந்தது. செக் வீரர் ஜான் ஜெலஸ்னி 1996-இல் எறிந்த 98.48 மீட்டர் புதிய ஈட்டியில் வந்தது என்பதால்தான் அதைப் பெரிதாக மதிக்கிறேன்.

கோட்டையூர் அம்மாவுக்கு: தம்பி மகன் இப்போது எறிய ஆசைப்பட்டால் ஆண்களுக்கான 800 கிராம் ஈட்டியைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பையன்களுக்கே 700 கிராம்தான். சின்னப் பையன் என்றால் முதலில் பந்து எறியட்டும், நின்ற இடத்திலிருந்து. ஓட்டம் பிறகு வரும். எடுக்கப் போனவன் திரும்பி வரும்வரை அடுத்தவன் எறியக் கூடாது, தூக்கிக்கொண்டு நடக்கும்போது முனை கீழே பார்த்திருக்க வேண்டும். இந்த இரண்டில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.