சாப்பாடு நல்லா இல்லைன்னா வாயைத் தொறந்து சொல்வீகளா?

உச்சிப்புளி ரயிலடி

தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் நம்ம கடற்கரையில ஹோட்டலுக்குக் கொறச்சல் இல்ல. சாப்பிட உக்காந்த எடத்துல மீன் சரியில்ல, சோறு வேகல, குழம்பு நேத்து வச்சதுன்னு தெரிஞ்சா என்ன செய்வீக? கூப்பிட்டுச் சொல்வீகளா, இலையை மூடிக் காசைக் குடுத்துட்டு வந்துருவீகளா? புத்திமதி வேணாம். நடந்ததை எழுதுங்க.

என் கதை இது. கோயம்புத்தூர்ல இருந்து மச்சான் குடும்பம் வந்திருந்தாக. முத நாள் தீர்த்தமாடி சாமி கும்பிட்டாச்சு, அன்னைக்குக் கவுச்சி தொடல. மறுநாள் தனுஷ்கோடி பாத்துட்டுத் திரும்புறப்ப மணி மூணு, பசி உயிரு போகுது. ரோட்டோரத்துல பெரிய போர்டு போட்ட கடையில உக்காந்து விளைமீன் பொரிச்சது சொன்னோம். வந்த துண்டைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. மசாலா கறுத்து, ஓரம் சுருண்டு கெடக்கு. விரலை வச்சு அழுத்துனா எண்ணெய் கசியுது, ஆனா சதை சக்கையாக் காஞ்சு முள்ளை விட்டு வரமாட்டேங்குது. காலையில பொரிச்சதைத் திரும்பச் சட்டியில போட்டு எடுத்திருக்கான்.

சப்ளையரைக் கூப்பிடக் கையைத் தூக்குறேன், வீட்டம்மா மேசைக்கு அடியில காலை மிதிக்கிறாக. விருந்தாளி முன்னாடி வம்பு வேணாமாம். மச்சான் வேற, "நல்லாத்தான் இருக்கு மாப்ள, இந்தப் பக்கத்து மீனு இப்படித்தான் போல"ங்கிறாரு. எனக்கு ஆத்திரமே அதுதான். நம்ம ஊரு மீனு இப்படித்தான்னு நெனச்சுக்கிட்டு ஒரு ஆளு ஊருக்குத் திரும்பிப் போறாரு.

தங்கச்சிமடம் பெருசு

அங்க சொல்லி என்ன ஆகப்போகுது தம்பி? அந்த ரோட்டுக் கடைக்கு வர்றவன் ஆயுசுக்கு ஒரு தடவை வர்றவன். வடக்கத்தி ஆளு, கோயிலுக்கு வந்தான், பாலத்தைப் பாத்தான், போயிட்டான். நாளைக்கு இவன் வரமாட்டான்னு கல்லாவுல இருக்கறவனுக்கு நல்லாத் தெரியும். கடலுக்குப் போறவன் விடியக்காலையில சாப்பிடுற கடையில சொல்லிப் பாரு. மறுநாளும் அதே மூஞ்சியில முழிக்கணும்ல, மறுபேச்சு இல்லாமத் தட்டை மாத்திருவான். குறை சொல்றது திரும்பப் போற கடையிலதான் எடுபடும்.

புத்திமதி வேணாம்னு சொன்னியோ? இந்த வயசுல வேற என்னத்தைக் குடுக்கிறது.

முன்னாள் சப்ளையர்

ராம்நாட்டுலயும் அப்புறம் பாம்பன் பக்கம் ஒரு கடையிலயும் சப்ளையரா இருந்தேன். இப்ப சொந்தமா மளிகைக் கடை. அதனால உள்ள நடக்கிறதைச் சொல்லலாம், யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.

பல கடையில பதினோரு மணிக்கே மீனு பாதிப் பொரியல் ஆயிரும். மசாலா தடவி, சட்டியில லேசாக் காட்டி எடுத்துத் தாம்பாளத்துல அடுக்கிருவாக. ஆளு வந்ததும் இன்னொரு முங்கல். கூட்ட நேரத்தை இது இல்லாம ஓட்ட முடியாது, ஒரு மணிக்கு வந்தா உங்களுக்கு வித்தியாசமும் தெரியாது. மூணு மணிக்கு வர்றவரு பாடுதான் கஷ்டம். சாயங்காலமும் மிஞ்சுனா மசாலாவை வழிச்சுட்டு ராத்திரிக் குழம்புல விட்டுருவாக. குழம்புல வெந்த மீனுக்குத் தோலு மெத்துனு இருக்கும். பொரிச்சதைக் குழம்புல போட்டிருந்தா ஓரம் வெறைச்சு நிக்கும். அடுத்த தடவை பாருங்க.

இதுல நீங்க செய்யக்கூடாதது, எங்ககிட்ட சொல்றது. தட்டைத் தூக்கிட்டு உள்ள போனா மாஸ்டர் எங்க மேல எரிஞ்சு விழுவாரு. "இத்தனை பேரு தின்னுட்டுப் போனான், அவனுக்கு மட்டும் என்ன தனி நாக்கா?" நான் இருந்த ஒரு கடையில திரும்பி வந்த தட்டுக்குச் சப்ளையர் சம்பளத்துலதான் புடிப்பாக. அதனால நாங்களே, "சார், கொஞ்சம் குழம்பு ஊத்துறேன், அனுசரிச்சுச் சாப்பிடுங்க"ன்னு கெஞ்சுவோம். கல்லாவுக்கு எந்திரிச்சுப் போங்க. கையைக் கழுவாமப் போங்க, நீங்க இன்னும் சாப்பிட்டு முடிக்கலன்னு அப்பத்தான் தெரியும். சத்தம் போட்டா மொதலாளியும் சத்தம் போடுவாரு, கடை அவரு கடை. காதோட சொன்னா, பக்கத்து மேசைக்காரன் காதுல விழறதுக்குள்ள ஆளை அனுப்பணும்னு அவரே அவசரப்படுவாரு.

முதல் வாயிலயே சொல்லிரணும். இலையில முள்ளு மட்டும் கெடக்கிறப்ப மீன் கெட்டுப்போச்சுன்னு சண்டைக்கு நின்னவரையும் பாத்திருக்கேன்.

பாம்பன் கடைக்கு ஒரு சம்மாட்டி வருவாரு, சொந்தமாப் படகு வச்சிருக்கிறவரு. பேச்சே கெடையாது. துண்டைப் பெருவிரலால ஒரு அழுத்து அழுத்துவாரு. திருப்தி இல்லைன்னா தட்டை ஒரு சாண் தள்ளி வைப்பாரு. அவ்வளவுதான். மொதலாளி கல்லாவை அப்படியே போட்டுட்டு உள்ள ஓடுவாரு.

உச்சிப்புளி ரயிலடி

அண்ணே, சம்மாட்டி தள்ளி வச்சாத் தட்டு மாறும். நம்ம தள்ளி வச்சா "முடிச்சாச்சா சார்"னு எடுத்துட்டுப் போயிருவான்.

மண்டபம் ஏலக்கடை

மீனைக் குறை சொல்ல வர்றவங்க முதல்ல காலண்டரைப் பாக்கணும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாள்ல நாட்டுப்படகும் வல்லமும் கொண்டாறதுதான் நம்ம கரைச் சரக்கு. போன மே மாசம் மண்டபத்துல ஒரு கடையில சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், பக்கத்து மேசையில திருச்சிப் பக்கத்துக் குடும்பம். பெரிய சீலாத் துண்டு கேட்டு வாங்கிட்டு, "ஐஸ் மீன் குடுத்து ஏமாத்துறீங்களா"ன்னு மேசையைத் தட்டுறாரு. மே மாசத்துல அந்த சைஸ் துண்டு பெரும்பாலும் கேரளாப் பக்கம் இருந்து ஐஸ்ல வர்றதுதான், அங்க தடை ஜூன்லதான் ஆரம்பிக்கும். அதே கடையில என் இலையில கெடந்தது விடியக்காலையில நாட்டுப்படகுல வந்த நகரை. விலையும் கம்மி. கேட்டிருந்தா அவருக்கும் குடுத்திருப்பாக.

தடை இல்லாத காலத்துலயும் பாக் நீரிணைப் பக்கம் வாரத்துல 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்குன்னு ஒரு முறை இருக்கு. அதனால ஒரே மீனு எல்லா நாளும் ஒரே பதத்துல கெடைக்காது. "என்ன இருக்கு"ன்னு கேட்டா சப்ளையர் இருபது அயிட்டம் ஒப்பிப்பான். "இன்னைக்கு என்ன வந்துச்சு"ன்னு கேளுங்க, ரெண்டு மூணுதான் சொல்லுவான், அதுல ஒண்ணை வாங்குங்க.

ஆனா சும்மா விடக்கூடாத விஷயமும் இருக்கு. திருக்கை, சுறா சதையில இயற்கையிலயே யூரியா உண்டு. மீனு பழசாக ஆக அது அம்மோனியாவா மாறி மூக்கைத் துளைக்கும். புளியும் முண்டு மொளகாயும் எவ்வளவு போட்டாலும் அந்த வாடை அடங்காது. வாடை வந்தா அப்படியே வச்சிருங்க. அதை விட மோசம் சூரையும் கும்புளாவும். ஐஸ் இல்லாமச் சூட்டுல கெடந்தா அதுல ஹிஸ்டமின்னு ஒரு பொருள் ஊறிரும். வாயில போட்டதும் நாக்கு சுருசுருன்னு எரியலாம். கொஞ்ச நேரத்துல மூஞ்சி செவந்து, தலை வலிச்சு, ஒடம்பு தடிக்கும். பொரிச்சாலும் கொதிக்க வச்சாலும் அது போகாது. என் சகலை ஒரு கடையில சூரைக் குழம்பு சாப்பிட்டு இப்படி ஆகி, தனக்கு மீனே ஆகாதுன்னு முடிவு கட்டிட்டாரு. மீன் ஆகாததால இல்ல, அந்த மீனு கெட்டதாலன்னு டாக்டர் சொன்னப்புறம்தான் திரும்பச் சாப்பிட ஆரம்பிச்சாரு. நாக்கு சுருக்குனா ரோஷம், மரியாதை எல்லாம் பாக்காதீக. துப்பிட்டு எந்திரிங்க.

கீழக்கரை மருமக

உங்களுக்கெல்லாம் ஹோட்டல்காரனோடதான் பிரச்சினை. எங்க ஊருல குறை சொன்னா ஊரோட பிரச்சினை.

வீட்டுக்காரர் துபாய்ல. நானும் மாமியும் புள்ளைகளும்தான். ஒரு நாள் முடியலன்னு பக்கத்துத் தெருப் பையன்கிட்டத் தூக்குச்சட்டி குடுத்துப் புரோட்டாவும் சால்னாவும் வாங்கிட்டு வரச் சொன்னேன். மூடியைத் தொறந்தா சால்னா புளிச்ச வாடை. மேல எண்ணெய் மினுக்குது, உள்ள நொரை கட்டி நிக்குது. மாமி, "சுட வச்சுக் குடுத்துரு"ன்னாக. எனக்கு மனசு வரல. புள்ளைக்குக் குடுக்கிறதாச்சே. பையன்கிட்டத் தூக்கைத் திருப்பிக் குடுத்து, "கடைக்காரக் காக்காகிட்ட (அண்ணனை நாங்க காக்கான்னுதான் கூப்பிடுவோம்) நீங்களே ஒரு வாய் பாருங்கன்னு சொல்லு"ன்னு அனுப்பிட்டேன். வேற ஒரு வார்த்தை சொல்லல.

கால் மணி நேரத்துல புது சால்னா, கூட அவிச்ச முட்டை. காசும் திரும்பி வந்துச்சு. இது நல்லதுதானே? மறுநாள் காலையில இருந்து தெருவுல ஒவ்வொருத்தரும், "உங்க மருமக சால்னாவைத் திருப்பி அனுப்பிச்சாமே"ன்னு மாமிகிட்ட விசாரிப்பு. வெள்ளிக்கிழமைக்குள்ள துபாய்ல இருந்து அவுக போன்ல கேக்கிறாக. கடைக்காரர் எங்க மாமிக்கு ஒண்ணுவிட்ட அக்கா மகன்ங்கிறது அதுக்கப்புறம்தான் எனக்குத் தெரியும்!

இன்னைக்கும் அங்கதான் வாங்குறோம். தூக்கைப் பாத்தாலே புதுசு எடுத்து ஊத்துறாக. இன்னொரு தடவை ஆனாலும் திருப்பித்தான் அனுப்புவேன்.

ஏர்வாடி வேன்

டிரைவர் நான். கோச்சுக்காம கேளுங்க. ரோட்டோரக் கடையில நாங்க வண்டியை நிறுத்துறது ருசிக்கு இல்ல. டிரைவருக்குச் சாப்பாடு ஓசி, சில எடத்துல கையில கொஞ்சம் குடுப்பாக. எங்களுக்குத் தனியா வைக்கிற மீனு எப்பவும் நல்ல மீனாத்தான் இருக்கும். உங்க தட்டையும் டிரைவர் தட்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாலே விவரம் புரியும். ராமேஸ்வரத்துல இருந்து திரும்புறவங்க "அண்ணே, நீங்க சொந்தக் காசுல எங்க சாப்பிடுவீங்க, அங்க நிறுத்துங்க"ன்னு சொல்லுங்க. அப்படிக் கேக்கிறவங்க ரொம்பக் கம்மி. கேட்டா நான் கூட்டிட்டுப் போயிருவேன்.

அப்புறம் இந்த ரிவ்யூ. கடையில வாயே தொறக்காம "சூப்பர்"னு தலையாட்டிட்டு, வண்டியில ஏறுனதும் போன்ல ஒத்தை ஸ்டார் போடுறவங்களைத் தெனம் பாக்கிறேன். எனக்கு அது புடிக்காது.

பட்டணம்காத்தான் டீச்சர்

டிரைவர் அண்ணா, மூஞ்சிக்கு நேரா சொல்லத் தைரியம் இல்லாதவங்களும் இருக்கோம். தனியாச் சாப்பிட உக்காந்த பொம்பளை கல்லாவுல போயி நின்னா நாலு பேரு திரும்பிப் பாப்பான். நான் ரிவ்யூ போடுவேன். ஆனா தேதி, நேரம், என்ன வாங்கினேன், என்ன குறைன்னு போடுவேன். "வேஸ்ட், போகாதீங்க"ன்னு மட்டும் எழுதினா யாருக்கும் பிரயோசனம் இல்லை.

ருசி ஒரு பக்கம், பில் ஒரு பக்கம். ராமநாதபுரத்துல ஒரு ஏசி ஹாலில் சாப்பிட்டு முடித்ததும் பில்லில் சர்வீஸ் சார்ஜ்னு தனியா ஒரு தொகை. சாப்பாடே சுமார். 2022 ஜூலை 4 அன்றைக்கே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாதுன்னு வழிகாட்டுதல் போட்டாச்சு. ஹோட்டல் சங்கங்கள் வழக்குக்குப் போக, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. "இதை எடுத்துட்டுக் குடுங்க சார்"னு மட்டும் சொன்னேன். மறுபேச்சில்லாமல் வேறு பில் வந்தது. அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, கேட்டால் எடுக்கலாம்னு வைத்திருக்கிறார்கள். எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

கெட்டுப்போன சாப்பாடா இருந்தால் மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. போட்டோ எடுங்கள், பில்லை விடாதீர்கள். பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கணும், 2022 ஜனவரியில் இருந்து அது கட்டாயம். பில்லே தராமல் துண்டுச் சீட்டில் கூட்டிக் காட்டுகிற கடை என்றால், பணத்தை ஜிபேயில் அனுப்புங்கள். அங்கே சாப்பிட்டதற்கு அது ஒரு அத்தாட்சி.

ஆனால் உப்புக் கூடிப்போனதற்கெல்லாம் அந்த நம்பருக்கு அனுப்பாதீங்க. என் தம்பி அனுப்பினான்.

தேவிபட்டினம்

நண்டைப் பத்தி யாரும் சொல்லலியே? ஓலைக்கால் நண்டு மசாலான்னு வாங்குனேன், ஓட்டை ஒடைச்சா உள்ள தண்ணி. சதையே இல்ல. பௌர்ணமிக்கு அப்படித்தான் இருக்கும்னு கடைக்காரர் சொல்றாரு. இதுக்கு யாருகிட்ட கம்ப்ளெயிண்ட் பண்றது?

மண்டபம் ஏலக்கடை

நிலாகிட்டதான் தம்பி. அமாவாசை நண்டுக்குச் சதை, பௌர்ணமி நண்டுக்குத் தண்ணின்னு எங்க பக்கம் பெருசுக சொல்லிக்கிட்டுத்தான் இருக்காக. அதை விடு, ஓடு கழட்டிப் புது ஓடு போட்ட நண்டு எந்த நாள்லயும் தண்ணியாத்தான் இருக்கும். ஆக்குறதுக்கு முன்னாடி நண்டைக் கொண்டாந்து காட்டச் சொல்லு. கையில தூக்கிப் பாரு, சைஸுக்குக் கனம் இல்லைன்னா, அடிவயித்தை அமுக்குனா அமுங்குச்சுன்னா, வேணாம்னு அப்பவே சொல்லிரு. மசாலா போட்டப்புறம் சொன்னா அவரு எங்க போவாரு?

தேவிபட்டினம்

காட்டுவாகளா?

முன்னாள் சப்ளையர்

காட்டுவாக. காட்டுன நண்டும் தட்டுல வந்த நண்டும் ஒண்ணுதானான்னு மட்டும் கால எண்ணிக்க.