புதுப்பிப்பு: ரெகுலேட்டர் முள் தானாக ஏறிய ஏர் ரைஃபிள் சரியாகிவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. என் ஏர் ரைஃபிளில், சிலிண்டரின் உயர் அழுத்தக் காற்றைக் குறைத்து ஒரே அளவில் தரும் ரெகுலேட்டரின் முள் 120 பாரில் (பார் என்பது அழுத்த அலகு) நிற்க வேண்டும்; அது ராத்திரியோடு 140-ஐத் தொடுகிறது, காலையில் முதல் பெல்லட் (குண்டு) மட்டும் விலகிப் போகிறது என்று கடலோர ஊரான மண்டபத்திலிருந்து கேட்டிருந்தேன்.

காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றியும் முள் ஏறியது. "சீட்டைப் பாருங்க, ஈரம் இறங்கியிருக்கும்" என்று இங்கே ஒரு அண்ணன் சொன்னதுதான் சரி. சிலிண்டர் காற்றை முழுக்க இறக்கிவிட்டுக் கழற்றினேன். பிஸ்டன் அமரும் பிளாஸ்டிக் சீட்டில் துருவின் துகள்கள் அழுந்திய மெல்லிய கோடு; அது வழியாகக் காற்று மெல்லக் கசிந்துதான் முள் ஏறியிருக்கிறது. எதிர்பாராதது, அந்தத் துரு வந்த இடம்: ரெகுலேட்டருக்குள் அடுக்கியிருக்கும் தட்டு ஸ்பிரிங்குகள். நம் கடல்காற்றைக் கைப்பம்பில் அடித்தால் ஈரமும் கூடவே போகிறது. சீட்டை மாற்றி, துருவைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவினேன். பெட்ரோலிய எண்ணெய் வேண்டவே வேண்டாம், உயர் அழுத்தக் காற்றில் பற்றிக்கொள்ளும்.

இப்போது முள் அசையவில்லை. அப்புறம், பம்புக்கு ஈரம் உறிஞ்சும் ஃபில்டரும் போட்டாயிற்று.