பி.பி.எஃப். முதிர்கிறது: நீட்டிக்கவா, எடுக்கவா?

நண்பர்களுக்கு வணக்கம். அஞ்சலகத்தில் உள்ள என் பி.பி.எஃப். (பொது சேமநல நிதி) கணக்கு வரும் மார்ச்சோடு முதிர்கிறது. பத்து லட்சம் போல வரும். மகள் கல்லூரிக்குப் போக இன்னும் பத்து வருடம் இருக்கிறது, அதுவரை இந்தப் பணம் தேவைப்படாது.

இப்போதைய 7.1 சதவீத வட்டி மாறாமல் இருந்தால், அப்படியே விட்டாலே 19.8 லட்சத்தைத் தாண்டும். வட்டிக்கு வரியும் இல்லை. மச்சான் விடுவதாக இல்லை, மொத்தத்தையும் நிஃப்டி (பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடு) இண்டெக்ஸ் ஃபண்டில் போடச் சொல்கிறார். 12 சதவீதம் கிடைத்தால் 31 லட்சமாம். சரி, கிடைத்தால்! 2008-ல் நிஃப்டி பாதிக்குமேல் சரிந்ததும் நினைவிருக்கிறது.

தொடர்ந்து பணம் கட்டி ஐந்து வருடம் நீட்டிக்க, முதிர்ந்த ஒரு வருடத்துக்குள் படிவம் 4 கொடுக்க வேண்டும். ஆனால் அந்த ஐந்து வருடத்தில், தொடக்கத்தில் இருந்த இருப்பில் 60 சதவீதம்வரைதான் எடுக்கலாம். கட்டாமல் விட்டால் வருடத்துக்கு ஒருமுறை எவ்வளவும் எடுக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது: வருடாவருடம் கொஞ்சம் எடுத்து ஃபண்டுக்கு மாற்றலாம்.

அஞ்சலகத்தில் யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா? கட்டாமல் நீட்டிக்கவும் ஏதாவது எழுதிக் கேட்டார்களா? அப்புறம், பத்து வருடத்துக்கு இந்தப் பணத்தில் எத்தனை சதவீதம் ஃபண்டுக்குப் போகலாம் என்பீர்கள்?