குழு: பேச்சியம்மாள் வீட்டுப் பிள்ளைகள்

சாந்தி: திவ்யாவுக்கு அடுத்த மாசம் வளைகாப்பு. தலைப்பிரசவம் நம்ம செலவுதானே. தனியார்ல விசாரிச்சோம், சுகப்பிரசவம்னா 60 ஆயிரம், ஆபரேஷன்னா 1 லட்சத்துக்கு மேலயாம். ஆரத்தை அடகு வைக்கலாமான்னு இவங்க கேக்காங்க.

முருகன்: எதுக்குக்கா? ஜிஹெச்ல ஒரு பைசா பில் கிடையாது.

ராஜி: இவருக்கென்ன தெரியும் மதினி, என் பிரசவத்தப்போ வராண்டாவுல நின்ன ஆளு. புள்ளையத் துணியில சுத்திக் கொண்டாந்து, கையில ஏதாச்சும் வைங்கன்னு நின்னாங்க. ஆம்பளப் புள்ளைக்கு ஒரு ரேட்டு, பொம்பளப் புள்ளைக்கு ஒரு ரேட்டு. ஸ்ட்ரெச்சர் தள்ள 100. எல்லாம் எங்கம்மா முந்தியில இருந்துதான் போச்சு.

முருகன்: எங்கிட்ட சொல்லவே இல்லையே

ராஜி: 🙄

மல்லிகா: அதைக் குடுக்கவே கூடாது மதினி. 104 சுகாதார ஹெல்ப்லைனுக்கு போன் போட்டுச் சொல்லணும். 2011-லேயே ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டம் வந்தாச்சு. பிரசவம், ஆபரேஷன், மருந்து, டெஸ்ட், ரத்தம் எல்லாம் இலவசம். சுகப்பிரசவம்னா 3 நாள், ஆபரேஷன்னா 7 நாள் சாப்பாடும் உண்டு. வீட்டுல கொண்டு விட 102 வண்டி.

ராஜி: சாப்பாடு பெத்தவளுக்குத்தானே மல்லிகா. கூட இருக்கவங்க? அம்மாவுக்கு மூணு வேளையும் ஓட்டல் இட்லி. அப்பா வேலைக்கே போகல, அந்த வாரக் கூலி அப்படியே போச்சு. கூட்டிப் பாத்தா அதான் பெருசு.

மல்லிகா: நெசம்தான். ஆனா தனியார்லயும் அது உண்டு, பில் தனி.

திவ்யா: எனக்கு ஆபரேஷன்னாதான் பயம் சித்தி

மல்லிகா: 2019-21 குடும்பநல சர்வேப்படி நம்ம தமிழ்நாட்டுல தனியார்ல 100-க்கு 64 பிரசவம் ஆபரேஷன், அரசுல 36. இத்தனைக்கும் சிக்கலான கேஸெல்லாம் கடைசியில ஜிஹெச்சுக்குத்தான் தள்ளி விடுவாங்க.

சாந்தி: முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிப் பணம் 18,000 வருமாமே, அதை வச்சு சமாளிச்சுரலாமா?

மல்லிகா: கையில வர்றது 14,000க்கா. மீதி 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகம். அதுவும் தவணை தவணையாத்தான், அதை நம்பி உக்காராதீங்க. திவ்யா, பிக்மி நம்பர், அதான் கர்ப்பத்தைப் பதிவு பண்ணித் தர்ற நம்பர், வாங்கிட்டியா?

திவ்யா: வாங்கியாச்சு. பாஸ்புக்ல மட்டும் பழைய இனிஷியல்

மல்லிகா: ஆதார்ல எப்படி இருக்கோ அப்படியே மாத்து. நாளைக்கே பேங்குக்குப் போ.

திவ்யா அப்பா: சரி, ஜிஹெச்சே பாப்போம். கைச்செலவுக்கு 15 ஆயிரம் ரெடி பண்ணி வைக்கேன்.

ராஜி: அதை நூறு ரூவாத் தாளா மட்டும் மாத்திராதீங்கண்ணே 😄