ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தால் தோளும் கழுத்தும் பிடித்து இழுக்கிறது, என்ன செய்யலாம்?

செல்வி_திருப்பூர்
வணக்கம்ங்க. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் (துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் மெஷின்) டெய்லராக இருக்கிறேன், 11 வருடமாக இதே வேலை. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை வரை, ஒன்றரை ஷிஃப்ட். நாலு மாதமாக வலது தோளிலிருந்து கழுத்து வரை வலி. ஞாயிற்றுக்கிழமை குறைகிறது, திங்கள் மதியத்துக்குள் திரும்பி வந்துவிடுகிறது. தைலம், மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. "டெய்லர்னா இப்படித்தான், பழகிடும்" என்கிறார் பக்கத்து மெஷின் அக்கா. டெய்லர் வேலையை விட்டுக் கைமடிக்கு (டெய்லருக்கு உதவியாள் வேலை) போய்விடலாமா? சம்பளம் குறையும், அதுதான் யோசனை. என் உயரம் நாலடி பத்து.

மெக்கானிக்_பழனி
தங்கச்சி, கைமடிக்குப் போகாதீங்க. ஞாயிறு குறைந்து திங்கள் வருகிறது என்றால் கோளாறு உட்காரும் இடத்தில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 22 வருடமாகத் தையல் மெஷின் மெக்கானிக் நான். லைன் போடும்போது எல்லா மேசையையும் ஒரே உயரத்தில் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறோம். ஆறடி ஆளும் நாலடி பத்தும் அதே மேசையில்தான் தைக்க வேண்டும். இது எங்கள் தப்பு.

நாளைக்கு ஒன்று பாருங்க. மெஷின் முன்னால் உட்கார்ந்து தோளைத் தளர விட்டு, முழங்கையை மடக்குங்க. முழங்கை மேசை மட்டத்துக்கு ரொம்பக் கீழே இருந்தால், நாள் முழுக்கத் தோளைத் தூக்கிப் பிடித்தபடியே தைக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்புறம் எப்படி வலிக்காமல் இருக்கும்?

முன்பு ஒரு கம்பெனியில் உங்களைப் போல் குள்ளமான ஒரு அம்மா, ஸ்டூல் மேல் வேஸ்ட் துணியை மூட்டையாகக் கட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கை எட்டியது, ஆனால் பெடலுக்குக் கட்டைவிரல் நுனிதான் எட்டியது. டீ நேரத்தில் ஸ்டாண்டின் கால் போல்ட்டுகளைத் தளர்த்தி இரண்டு அங்குலம் இறக்கினேன். மேசை இறங்கினால் பெடல் ராடையும் அதே அளவு குறைக்க வேண்டும், ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கிற பாகம்) தூக்குகிற சங்கிலியையும் சேர்த்து. இதைச் செய்யாமல் விட்டால் பெடல் சரியாக அழுந்தாது, கணுக்கால் போய்விடும். மொத்தமே 20 நிமிட வேலை. மூட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அந்த அம்மா பாதம் முழுவதையும் பெடலில் வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இன்னொன்று, தைத்த பீஸை எங்கே போடுகிறீர்கள்? வலது பக்கம் பின்னால் வீசுகிறீர்களா?

செக்கிங்_மேரி
செல்வி, விரலையும் கவனி. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் ராத்திரி தூக்கம் கலைந்தால் அது மணிக்கட்டு நரம்பு சங்கதி. தைலம் கேட்காது, இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய்விடு. நான் தள்ளிப்போட்டு ஒரு வருடம் அவதிப்பட்டேன்.

எங்கள் செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நிற்கிறோம். நின்று வேலை செய்பவர்களுக்கு இடையில் உட்கார இருக்கை வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவிலேயே எழுதினார்கள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு 2021இல்தான் தமிழ்நாட்டில் அந்த உரிமை சட்டமாக வந்தது. நமக்கு எழுபது வருடத்துக்கு முன்பே எழுதியும், எங்கள் டேபிளுக்கு ஒரு ஸ்டூல் வரவில்லை. கேட்டால் "உட்கார்ந்தால் பீஸ் விழாது" என்கிறார்கள். கால் வீங்கி மூன்று பேர் லீவு போட்ட வாரம் எத்தனை பீஸ் விழுந்தது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

செல்வி_திருப்பூர்
பழனி அண்ணா, ஆமாங்க, பின்னால்தான் வீசுவேன். பெட்டி அங்கேதான் இருந்தது. அதை இடது பக்கம் முன்னால் நகர்த்திக்கொண்டேன், யாரும் எதுவும் சொல்லவில்லை. மேசையை இறக்கச் சூப்பர்வைசர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் மெக்கானிக் தம்பியிடம் நீங்கள் எழுதியதைக் காட்டினேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்து கொடுத்தார். ஒன்பது நாள் ஆகிறது. வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் தோள் இறங்கி இருக்கிறது, ராத்திரி வலது பக்கம் படுக்க முடிகிறது.

மேரி அக்கா, விரல் மரக்கவில்லை. பக்கத்து மெஷின் அக்காவுக்கு மரக்கிறதாம், இன்றுதான் சொன்னார். சனிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு இ.எஸ்.ஐ. போகிறேன்.