மூட்டு மாற்றிய காலில் சீழ்: ரிஃபாம்பிசின் சாப்பிட்டவர்கள் யாராவது?

காரைக்குடிப் பக்கம் இருக்கிறோம். அப்பத்தாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றிய இடத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி, உலோகத்தின் மேல் வழவழவென்று படலம் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்கிறதாம், ஒற்றை மருந்துக்கு அசையாதாம். உள்ளே திறந்து கழுவிவிட்டு இப்போது ரிஃபாம்பிசின், லீவோஃப்ளாக்சசின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரைகளையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ரிஃபாம்பிசினைத் தனியாகக் கொடுத்தால் கிருமி சீக்கிரமே அதற்குப் பழகிவிடும், அதனால்தான் ஜோடி என்றார் டாக்டர். சிறுநீர் ஆரஞ்சாகப் போனதும் ரத்தம்தான் என்று வளவில் உட்கார்ந்து ஒரே அழுகை. மாத்திரைச் சாயம்தான், சரி. என் கவலை வேறு. சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு சாப்பிடுகிறார், ரிஃபாம்பிசின் அதன் வேகத்தைக் குறைக்கும், லீவோஃப்ளாக்சசினோ சர்க்கரையை ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும். மாதக்கணக்கில் இதைச் சமாளித்தவர்கள் சர்க்கரையை எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்? அப்புறம், மதுரை, திருச்சியில் தொற்றுநோய்க்கென்றே பார்க்கிற டாக்டர் இருந்தால் சொல்லுங்கள்.